தாவுகிற நாயும் தலைகுனிகிற எஜமானரும்

சாயங்காலம் ஆறு மணிக்கு தில்லியின் எந்தக் குடியிருப்புப் பூங்காவுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வங்கி மேலாளர் வீட்டு லாப்ரடாரும் மூன்றாம் மாடி டாக்டரம்மாவின் பீகிளும் ஒன்றையொன்று துரத்தி விளையாடிக்கொண்டிருக்கும். நாலு சுற்று ஓடியதும் லாப்ரடார் திடீரென்று பீகிளின் முதுகில் முன்னங்கால்களைப் போட்டு, இடுப்பை ஆட்டத் தொடங்கும். அதுவரை வருமான வரி பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு எதிர்மரத்துக் கிளிகள்மேல் திடீர் அக்கறை பிறக்கும். ஏதாவது ஒரு குழந்தை, "அது என்ன பண்ணுது?" என்று உரக்கக் கேட்கும். மேலாளர் ஓடிவந்து சங்கிலியை வெடுக்கென்று இழுத்து, நாயின் முதுகில் ஓங்கி ஓர் அடி கொடுப்பார். இரண்டும் ஆண் நாய்கள். போதாக்குறைக்கு, லாப்ரடாருக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் முடிந்துவிட்டது.

நாய் வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி இது. இப்படி ஏன் செய்கிறது? கேட்பவர் மனதில் ஏற்கெனவே மூன்று பதில்கள் தயாராக இருக்கும்: காமம், வியாதி, திமிர். மூன்றுக்கும் இடமுண்டு என்றாலும், பூங்காவில் தினம் நடக்கிற சமாச்சாரத்துக்குப் பெரும்பாலும் இந்த மூன்றுமே காரணமில்லை. ஆனால் அடி விழுவது இந்த மூன்றில் ஒன்றை நம்பித்தான்.

மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிற எனக்கு முதல் சிக்கல் சொல்லிலேயே வருகிறது. ஆங்கிலத்தில் 'மவுன்டிங்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மலையேறுவதற்கும் குதிரையேறுவதற்கும் அதே சொல்தான், யாருக்கும் முகம் சிவப்பதில்லை. தொல்காப்பிய மரபியல், பெண் நாய்க்குப் பிணவு என்றும் அதன் குட்டிக்குக் குருளை என்றும் பெயர் குறித்து வைத்திருக்கிறது. காளையின் வேலைக்குப் பொலிதல் என்று நாகரிகமான சொல் உண்டு. பொலிகாளை என்று தயங்காமல் சொல்கிறோம். நாய் விஷயத்தில் மட்டும் நம் கையிருப்பு, அச்சில் ஏற்ற முடியாத நாலைந்து வசவுகள்தான். அதனால் இங்கே 'தாவுதல்' என்றே எழுதுகிறேன். மாட்டுக்குக் கிராமத்தில் புழங்குகிற சொல் அது.

அந்த மாட்டையே எடுத்துக்கொள்வோம். கட்டுத்தறியில் ஒரு பசு இன்னொரு பசுவின் மேல் தாவினால் எந்த விவசாயியும் கிளி பார்க்கப் போவதில்லை. எது தாவியது என்பதைவிட, எது அசையாமல் நின்று தாவவிட்டது என்பதைத்தான் அவர் கவனிப்பார். நின்ற பசு பருவத்துக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். காலையில் கண்டால் மாலையில் ஊசி போடவேண்டும், மாலையில் கண்டால் மறுநாள் காலையில். தாவியது, தாவப்பட்டது இரண்டுமே பெண் என்பது அவரைத் துளியும் உறுத்தாது. அவருக்கு அது ஒரு தகவல். அதே விவசாயியின் மகன் நொய்டாவில் நாய் வளர்க்கும்போது அது அவமானமாகிவிடுகிறது.

நாயின் நிஜமான இனச்சேர்க்கைக் காலத்தை நம் மொழிகள் நன்றாகவே கவனித்திருக்கின்றன. அடங்காத ஆசாமியைத் தமிழன் மார்கழி மாசத்து நாய் என்கிறான். வங்காளி அதையே பாத்ர மாசத்து நாய் என்பான். அது நமக்கு ஆவணிவாக்கில் வரும். இந்தி பேசும் பிரதேசத்தில் கார்த்திக் மாசத்து நாய். வைகிற மாதம்தான் மாறுகிறதே தவிர, மழைக்காலத்திலோ அதன் வாலிலோதான் மூன்றும் வருகின்றன. மேற்கு வங்கத் தெருநாய்களைப் பல வருஷங்கள் பின்தொடர்ந்து குறிப்பெடுத்த சுனில் குமார் பால் போன்ற ஆய்வாளர்களும், அங்கே தெருநாய்கள் மழைக்காலத்தின் பின்பகுதியிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை இணைசேர்வதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் வளரும் பெண் நாய் இந்தப் பஞ்சாங்கத்தைப் பெரிதாக மதிப்பதில்லை. சுமார் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை அது பருவத்துக்கு வரும்.

அந்தச் சேர்க்கையின் லட்சணமே வேறு. பெண் நாய் வாலை ஒருபக்கம் ஒதுக்கி நிற்கும். சேர்ந்தபின் இரண்டும் பிரிய முடியாமல் பூட்டிக்கொள்ளும். பத்து நிமிஷமோ, சில சமயம் அரைமணியோ முதுகோடு முதுகாக நிற்கும். நம் தெருக்களில் பையன்கள் கல்லெறிவதும், பெரியவர்கள் வாளித் தண்ணீரைக் கொட்டுவதும் அப்போதுதான். வலுக்கட்டாயமாகப் பிரித்தால் இரண்டுக்கும் காயமாகும். தானாகப் பிரியும்வரை விட்டுவிடுவதுதான் முறை.

பூங்கா லாப்ரடார் செய்வது இதில் எதுவுமில்லை. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் குருளைகளிடம் போகவேண்டும். கண் திறந்து சில வாரங்களே ஆன குட்டிகள், ஆண் பெண் பேதமில்லாமல், விளையாட்டில் ஒன்றன்மேல் ஒன்று தாவும். பருவமடைய இன்னும் மாதக்கணக்கில் இருக்கும். உடலில் அதற்கான சுரப்புகளும் பொங்கியிருக்காது. கடிப்பது, துரத்துவது, பாய்வது, தாவுவது எல்லாமே பெரியவர்களானதும் வேட்டைக்கும் சண்டைக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படுகிற அசைவுகள். குட்டிகள் அவற்றைக் கலைத்துப் போட்டு ஒத்திகை பார்க்கின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நாய், ஓநாய், கயோட்டி குட்டிகளின் விளையாட்டை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர் மார்க் பெக்காஃப். முன்னங்கால்களை நீட்டிப் படுத்து, பின்பக்கத்தை உயர்த்தி, நாய் ஒரு நமஸ்காரம் போடுமே, அதைப் பற்றி 1995-ல் அவர் வெளியிட்ட கட்டுரை எனக்குப் பிடித்தமானது. தலையை ஆட்டிக் கடிப்பது போன்ற, தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடிய காரியங்களுக்கு முன்னும் பின்னும் குட்டிகள் இந்த நமஸ்காரத்தைச் செருகுகின்றன என்று அவர் கண்டார். எழுத்தில் நாம் போடுகிற நிறுத்தக்குறிகளோடு அதை ஒப்பிட்டார். 'இது விளையாட்டு, கோபித்துக்கொள்ளாதே' என்பது அதன் பொருள். பூங்காவில் தாவலை மட்டும் பார்ப்பவர்கள் குறிகளை விட்டுவிட்டு வாக்கியத்தைப் படிக்கிறார்கள்.

வளர்ந்த பிறகும் இந்தப் பழக்கம் போவதில்லை. ஆண், பெண், ஆபரேஷன் ஆனது, ஆகாதது என்று எல்லா நாய்களிடமும் இருக்கும். எப்போது என்று கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும்: விளையாட்டு சூடேறி உச்சத்துக்குப் போகும்போது, வெகுநாள் காணாத சொந்தக்காரர் வாசல் மணியை அடிக்கும்போது, கூட்டத்தில் புது நாய் ஒன்று நுழையும்போது, வீட்டில் பெரிய குரலில் சண்டை நடக்கும்போது. சந்தோஷமோ பயமோ, உள்ளே கொதிப்பு ஏறிவிடுகிறது. அதை என்ன செய்வதென்று நாய்க்குத் தெரியவில்லை. தெரிந்த அசைவுகளில் ஏதோ ஒன்று வெளியே வருகிறது. ஒரு நாய் குரைக்கும், ஒன்று வாலைத் துரத்திச் சுற்றும், ஒன்று செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும், ஒன்று தாவும்.

விலங்கியலில் இதற்கு நெருக்கமான விஷயம் ஒன்று உண்டு. 1973-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவரான நீகோ டின்பெர்கன், இரண்டு உந்துதல்களுக்கு இடையில் மாட்டிக்கொண்ட பிராணி சம்பந்தமேயில்லாத மூன்றாவது காரியத்தைச் செய்வதைக் கவனித்தார். எல்லைத் தகராறில் பாய்வதா ஓடுவதா என்று தெரியாத மீன், தலைகீழாக நின்று மணலைத் தோண்டும். சேவல்கட்டு பார்த்தவர்களுக்கு டின்பெர்கன் தேவையில்லை. உக்கிரமான சண்டைக்கு நடுவில் சேவல் சட்டென்று குனிந்து தரையில் இல்லாத தானியத்தைக் கொத்தும். மேலதிகாரி கேள்வி கேட்கும்போது நாம் அரிக்காத தலையைச் சொறிவதில்லையா? அதற்காக யாரும் நம்மைப் பேன் வைத்தியரிடம் அனுப்புவதில்லை.

இனி திமிர் விவகாரம். மற்ற இரண்டு பதில்களைவிட இதுதான் நாய்களுக்கு அதிகக் கெடுதல் செய்திருக்கிறது. 'தாவுகிற நாய் தலைமைக்கு ஆசைப்படுகிறது, அடக்கி வைக்காவிட்டால் வீட்டையே ஆளத் தொடங்கிவிடும்' என்பது பயிற்சியாளர்கள் பலர் வேதவாக்காகச் சொல்கிற கருத்து. இது புறப்பட்ட இடம் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலை. அங்கே அடைத்து வைத்திருந்த ஓநாய்களை ஆராய்ந்து ருடால்ஃப் ஷெங்கல் 1947-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓயாத பதவிச் சண்டை, மேலே ஒரு தலைவன், ஒரு தலைவி என்று அதில் ஒரு சித்திரம் இருந்தது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச் 1970-ல் எழுதிய ஓநாய் பற்றிய புத்தகம் அந்தச் சித்திரத்தைப் பரப்பியது. 'ஆல்ஃபா' என்கிற சொல் ஓநாயிடமிருந்து நாய்க்கும், நாயிடமிருந்து நிர்வாகவியல் புத்தகங்களுக்கும் போனது இந்த வழியாகத்தான்.

பிறகு மீச் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் சுதந்திர ஓநாய்களோடு காலம் கழித்தார். அங்கே பதவிச் சண்டை எதுவும் இல்லை. கூட்டம் என்பது ஓர் அப்பா, ஓர் அம்மா, இரண்டு மூன்று ஈடு பிள்ளைகள். தலைமை என்று வர்ணிக்கப்பட்டது வெறும் பெற்றோர் பொறுப்பு. 1999-ல் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார். தன் பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பாளரை வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். 2022-ல்தான் அது நின்றது. சொந்தப் புத்தகத்தை நிறுத்தச் சொல்லி எழுத்தாளர் மன்றாடுவது பதிப்புலகில் அடிக்கடி நடக்கிற விஷயமல்ல. புத்தகம் நின்றாலும் கருத்து நிற்கவில்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று நம்புகிற தேசத்தில் அதற்கு நல்ல விளைச்சல்.

நாய்களுக்கிடையே செல்வாக்கு, விட்டுக்கொடுத்தல் எல்லாம் இல்லவே இல்லை என்று சொல்லவரவில்லை. சில தாவல்களில் ஒரு முரட்டுச் சீண்டல் தெரியத்தான் செய்கிறது. ஆனால் அது இரண்டு நாய்களுக்கு இடையிலான அந்த நேரத்துப் பேச்சுவார்த்தை. சோபாவின் கைப்பிடிமேல் தாவுகிற நாய் சோபாவை ஆளவா ஆசைப்படுகிறது?

எனக்குத் தெரிந்த ஒரு தில்லிக் குடும்பத்தில் நடந்தது இது. ஐந்து வயது ஸ்பானியல், ஆண். பரம சாது என்று பெயர். வீட்டில் குழந்தை பிறந்தது. தினமும் விருந்தாளிகள், வாசல் மணி, மூடிய கதவுகள். நாயின் உலாவும் நேரம் ஒரு மணியிலிருந்து பத்து நிமிஷமானது. வருகிறவர்கள் காலில் எல்லாம் அது தாவத் தொடங்கியது. வரவழைக்கப்பட்ட பயிற்சியாளர், குழந்தைக்குப் போட்டியாக இது தலைவனாகப் பார்க்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, தாவும்போதெல்லாம் மல்லாக்கத் தள்ளிக் கழுத்தை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மூன்றாவது வாரம் நாய் வீட்டுக்காரரின் மணிக்கட்டைக் கடித்தது. அப்புறம் அது 'கடிநாய்'. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் யார் என்ன வாதாட முடியும்? ஹரியானாவில் ஒரு பண்ணை வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். தில்லியில் காணாமல் போகிற நாய்கள் எல்லாம் ஹரியானாவில் ஏதோ ஒரு பண்ணை வீட்டில்தான் இருக்கின்றன என்பது ஐதீகம்.

அந்தக் கடியில் ஆச்சரியம் எதுவுமில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு நடத்தைக் கோளாறு என்று நாயைக் கொண்டுவந்த 140 பேரிடம் விசாரித்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேர், நாய் திருப்பிச் சீறியதாகச் சொன்னார்கள். மல்லாக்கப் புரட்டி அழுத்தியவர்களில் 31 சதவீதம். பதற்றத்தில் செய்கிற காரியத்துக்குப் பதற்றத்தைக் கூட்டுகிற வைத்தியம் பார்த்தால் வேறென்ன நடக்கும்? அடிப்பதும் வளர்த்த பிராணியைக் கைவிடுவதும் 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பதுக்கு மேற்படாமல் என்று அந்தச் சட்டம் நிர்ணயித்தது.

இரண்டும் ஆணாக இருந்தால் எஜமானர்களின் சங்கடம் இரட்டிப்பாகிறது. இதை நேரடியாகச் சொல்லிவிடலாம். 'இயற்கையின் ஒழுங்குக்கு விரோதமான' உறவைத் தண்டித்த 377-ம் பிரிவு நம்மிடம் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் சொன்னது. அந்த விவாதம் நடந்த காலமெல்லாம் மிருகங்களை இரண்டு தரப்பும் சாட்சிக் கூண்டில் ஏற்றின. மிருகம்கூட இப்படிச் செய்யாது என்றார்கள் ஒரு சாரார். நூற்றுக்கணக்கான இனங்களின் பட்டியலை நீட்டினார்கள் மறுசாரார். பட்டியல் உண்மைதான், ப்ரூஸ் பாகமில் 1999-ல் அதை ஒரு தடித்த புத்தகமாகவே தொகுத்தார். ஆனால் பூங்கா லாப்ரடார் அந்த வழக்கில் யாருக்கும் சாட்சியாகாது. அது பீகிளின் மேல் தாவியது ஆசையால் அல்ல, ஆட்டத்தின் சூட்டில். மனிதர்களின் கௌரவத்துக்கு நாயின் நற்சான்று தேவையுமில்லை.

ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா என்பது அடுத்த கேள்வி. ஓரளவு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், ஆபரேஷன் செய்யப்பட்ட 57 ஆண் நாய்களைக் கொண்டு 1997-ல் வெளியான ஆய்வின்படி, தாவுதல், வீட்டுக்குள் சிறுநீர் தெளித்தல், ஊர்சுற்றல் ஆகிய பழக்கங்கள் அறுபது சதவீதத்துக்கு மேற்பட்ட நாய்களில் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. கிட்டத்தட்ட அடியோடு நின்றது கால்பங்கிலிருந்து நாற்பது சதவீதம் வரையிலான நாய்களில்தான். அதாவது, ஹார்மோனுக்கு இதில் பங்கு உண்டு, முழுக் குத்தகை கிடையாது. தேவையில்லாத குட்டிகளைத் தவிர்க்க ஆபரேஷன் நல்ல காரியம். எந்த இனத்துக்கு எந்த வயதில் என்பதை மருத்துவர் சொல்லட்டும். பூங்காவில் மானம் காப்பாற்றிக்கொள்வதற்காக என்றால் ஏமாற்றம் காத்திருக்கலாம்.

வியாதி விஷயம் சுருக்கமானது, ஆனால் அலட்சியம் கூடாது. இதுவரை தாவாத நாய் திடீரென்று ஓயாமல் தாவினாலோ, கூடவே அந்தரங்க உறுப்பை நக்கிக்கொண்டே இருந்தாலோ, அடிக்கடி சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்தாலோ பயிற்சியாளரை விட்டுவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும். சிறுநீர்ப் பாதையில் தொற்று, தோல் ஒவ்வாமை, ஆண் நாய்க்கு விரைவீக்கம், சுக்கிலச் சுரப்பி வீக்கம் என்று ஏதாவது இருக்கலாம்.

மற்றபடி பார்க்கவேண்டியது கீழே இருக்கிற நாயை. விவசாயி பார்த்த மாதிரி. அது திரும்பி நமஸ்காரம் போட்டு, தன் முறைக்கு மேலே தாவினால் ஆட்டம் ஒழுங்காக நடக்கிறது. நீங்கள் வருமான வரிக்குத் திரும்பலாம். வாலை இடுக்கிக்கொண்டு, காதை மடக்கி, எஜமானர் காலடியில் ஒளியப் பார்த்தால் போதும் என்று அர்த்தம். கிழ நாய், மூட்டுவலி நாய், சின்னக் குட்டி, பருவத்துக்கு வந்த பெண் நாய் என்றால் காத்திருக்கவே வேண்டாம். கத்தாமல், அடிக்காமல், தாவுகிற நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இரண்டு நிமிஷம் தள்ளி அழைத்துப் போய்ச் சூடு ஆறியதும் விடலாம். கூப்பிட்டால் வருவதற்கும், சொன்னால் உட்காருவதற்கும் அமைதியான நேரத்தில் தீனி கொடுத்துப் பழக்கியிருந்தால்தான் இது நடக்கும். உட்கார்ந்துகொண்டே தாவ எந்த நாயாலும் முடியாது.

நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்று பழமொழி சொன்னவன் தெருநாயைப் பார்த்துச் சொன்னான். அடுக்குமாடி நாய்க்கு வேலையுமில்லை, ஓட இடமுமில்லை. காலையிலும் மாலையிலும் நிஜமான நடை, மோந்து பார்க்க அவகாசம், மெல்ல ஏதாவது ஒன்று இவை கிடைத்தால் தாவல் பாதி குறைந்துவிடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மீதிப் பாதி மெத்தையோடும் தலையணையோடும் நடக்கும். யாருக்கும் தொந்தரவில்லாத வரை அது நாயின் சொந்த விஷயம். மாமனார் வந்திருக்கும்போது சங்கடமாக இருந்தால் தலையணையை எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம்.